பல்கலைக்கழக வாசலில் இத்தாலியச் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களும், சேர ஆயத்தமாகிறவர்களும் சொல்வளம் குறித்து அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருப்பது படிப்பவர்களின் வசதிக்காக மட்டுமே. உங்கள் நோட்டில் அவற்றை இத்தாலிய எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் நான்காவது பதிலில் வருகிறது.

கேள்வி: இத்தாலிய மொழியில் பி1 நிலைத் தேர்வில் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலை) தேறிவிட்டேன். அடுத்த ஆண்டு, இத்தாலியத்திலேயே நடத்தப்படும் கட்டடக்கலை முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதற்கு அடுத்த படியான பி2 நிலை கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தாக்குப்பிடிக்க எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்விக்கு இத்தாலியர்களே உருவாக்கி வைத்திருக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1980இல் இத்தாலிய மொழியின் அடிப்படைச் சொற்பட்டியலை வெளியிட்டார். அதைத் திருத்தி 2016இல் மீண்டும் வெளியிட்டார். ஏறத்தாழ 7,000 சொற்களைக் கொண்ட அந்தப் பட்டியல் மூன்று அடுக்குகளாக அமைந்தது. முதல் அடுக்கில் உள்ள சுமார் 2,000 சொற்கள் மிக அடிக்கடி வருபவை. இரண்டாம் அடுக்கில் உள்ள சுமார் 3,000 சொற்களும் பரவலாக வழங்குபவையே. மூன்றாம் அடுக்கு சற்று விசித்திரமானது: கால் பெருவிரல், முள்கரண்டி போல எழுத்தில் அரிதாகவே தலைகாட்டும், ஆனால் வளர்ந்த இத்தாலியர் எவருக்கும் தெரிந்திருக்கும் சொற்கள் அதில் உள்ளன.

முதல் அடுக்கின் 2,000 சொற்கள் மட்டுமே எந்த எழுத்திலும் பேச்சிலும் ஏறத்தாழ 86 விழுக்காட்டு இடத்தை நிரப்புகின்றன; இரண்டாம் அடுக்கு மேலும் 6 விழுக்காட்டை நிரப்புகிறது. இதைக் கேட்டதும் பலர் நிம்மதி அடைகிறார்கள், ஆனால் அந்த நிம்மதிக்கு அவசரம் வேண்டாம். 300 சொற்கள் உள்ள ஒரு பாடநூல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு மட்டும் தெரிந்தவருக்கு அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய 42 இடங்கள் இருட்டாக இருக்கும்; இரண்டு அடுக்கும் தெரிந்தவருக்கு 24 இடங்கள். தெரிந்த இடங்களில் பெரும்பாலானவை 'இன்', 'அது', 'இருக்கிறது' போன்ற சொற்களாகவே இருக்கும். பக்கம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அது இருட்டான இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முதல் 5,000 சொற்களைக் கடவாமல் புறப்பட வேண்டாம் என்பதே என் அறிவுரை. அதற்கு மேல் உங்கள் துறைச் சொற்களைப் பற்றி மிகவும் கவலைப்படாதீர்கள். 'குப்போலா', 'ஃபச்சாத்தா', 'போர்த்திகோ' போன்ற கட்டடக்கலைச் சொற்கள் பிற மொழிகளுக்கும் பரவியவை. அவை படத்தோடு வரும், ஆசிரியரும் விளக்குவார். உங்களைத் திணறடிக்கப்போவது எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத, எல்லாத் துறையினரும் பயன்படுத்துகிற இடைநிலைச் சொற்கள். 'இந்திவிதுவாரே' (இன்னதென்று கண்டறிதல்), 'ரிசலீரே' (ஒரு காலத்துக்குப் பின்னோக்கிச் செல்லுதல்), 'ரிகவாரே' (ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுதல்), 'ரிபதீரே' (மீண்டும் வலியுறுத்துதல்) போன்றவற்றை வகுப்பில் யாரும் விளக்க மாட்டார்கள். இவற்றுக்கென்று ஒரு தனி நோட்டு வையுங்கள். நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் அறிமுகப் பாடநூல் ஒன்றை இப்போதே வாங்கி அதன் முன்னுரையையும் முதல் இயலையும் மட்டும் வரி வரியாகப் படித்தால், இத்தகைய சொற்களில் பெரும் பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: நாள்தோறும் நாற்பது சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. என் நினைவாற்றலில்தான் குறையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: குறை உங்கள் நினைவாற்றலில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஒரு பக்கம் இத்தாலியச் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் உறவின்றித் தனியே நிறுத்துகிறோம். தனியே நிற்பது எளிதில் தொலைந்துபோகும்.

தமிழில் 'கொள்' என்ற வினையை எண்ணிப் பாருங்கள். மேற்கொள், உட்கொள், எதிர்கொள், கைக்கொள், ஏற்றுக்கொள் என்று அது கிளைத்துக்கொண்டே போகிறது. இவற்றை ஐந்து தனிச் சொற்களாக நாம் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. இத்தாலியத்தில் 'வை' என்று பொருள்படும் 'போர்ரே' என்ற வினையும் இவ்வாறே கிளைக்கிறது. சேர்த்து வைத்தால் 'கொம்போர்ரே' (இயற்றுதல்), முன்னே வைத்தால் 'ப்ரொபோர்ரே' (முன்மொழிதல்), வெளியே வைத்தால் 'எஸ்போர்ரே' (எடுத்துரைத்தல், காட்சிக்கு வைத்தல்), மேலே சுமத்தினால் 'இம்போர்ரே' (திணித்தல்), அடியில் வைத்துப் பார்த்தால் 'சுப்போர்ரே' (ஊகித்தல்), எதிரே வைத்தால் 'ஒப்போர்ரே' (எதிராக நிறுத்துதல்). தாய் வினையின் வடிவங்களை ஒருமுறை கற்றுவிட்டால் பிள்ளைகள் அனைத்தும் அதே வழியில் திரிகின்றன: 'போங்கோ' என்றால் வைக்கிறேன், 'கொம்போங்கோ' என்றால் இயற்றுகிறேன். 'இழு' என்று பொருள்படும் 'த்ரார்ரே', 'பிடி' என்று பொருள்படும் 'தெனேரே', 'நடத்திச் செல்' என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த 'துர்ரே' முடிவுள்ள வினைகள் ஆகியவற்றையும் இவ்வாறே எடுத்துக்கொண்டால், நான்கு குடும்பங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட வினைகள் கைக்கு வரும். அவற்றிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொற்கள் அதற்கும் மேல்.

இந்த இடத்தில் ஓர் இத்தாலியரை நினைவுகூர வேண்டும். மாந்துவா பகுதியிலுள்ள காஸ்தில்யோனே என்ற ஊரில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து நம் மொழியைக் கற்ற வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். அதன் நான்கு பகுதிகளில் பெயரகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருகிறது. தொகையகராதி தொகையாக வழங்குபவற்றை விரிக்கிறது. தொடையகராதி எதுகைக்காக ஓசை ஒத்த சொற்களை அடுக்குகிறது. புலவர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்பட்ட இந்த நான்கு வழிகளும் அவருடைய தாய்மொழியைக் கற்கும் உங்களுக்கும் அப்படியே பொருந்துகின்றன என்பதை நான் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை.

உங்கள் நோட்டையும் நான்காகப் பிரியுங்கள். முதற் பகுதியில், பல பொருளுள்ள சொல் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேள்வி, விண்ணப்பம், பொருளாதாரத்தில் தேவை ஆகிய மூன்றையும் குறிக்கும் 'தொமாந்தா' அதற்கு நல்ல தொடக்கம். இரண்டாம் பகுதியில், 'சொல்லுதல்' என்ற ஒரே கருத்தின் கீழ் உறுதிபடக் கூறுதல், மறுத்தல், ஒப்புக்கொள்ளுதல், தெளிவுபடுத்துதல் ஆகியவற்றுக்கான வினைகளைச் சேருங்கள். மூன்றாவதில், ஒரு சூழலில் கூடி வருபவற்றைத் தொகுத்து எழுதுங்கள்: தேர்வு நடைபெறும் தவணையான 'அப்பெல்லோ', படிப்பின் அளவைக் குறிக்கும் 'க்ரேதிதோ', ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரமான 'ரிச்செவிமேந்தோ', ஆய்வேட்டை வழிநடத்தும் 'ரெலத்தோரே'. நான்காவது பகுதிதான் இத்தாலியத்துக்குப் பெரிதும் உதவுவது, ஏனெனில் சொல்லின் ஈறு அதன் பாலையும் சொல்லிவிடுகிறது. 'ட்ஸியோனே' என்று முடியும் பெயர்கள் பெண்பால். 'மேந்தோ' என்று முடிபவை ஆண்பால். இறுதி எழுத்தில் அழுத்தம் பெற்று 'தா' என்று முடியும் 'லிபெர்தா' போன்ற பண்புப்பெயர்கள் பெண்பால், பன்மையிலும் மாறாதவை. கிரேக்கத்திலிருந்து வந்து 'மா' என்று முடியும் 'ப்ரொப்லேமா', 'ஸிஸ்தேமா' போன்றவை, பெண்பால் போலத் தோன்றினாலும், ஆண்பால்.

நாளுக்கு நாற்பது வேண்டாம், பன்னிரண்டு போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, பொருளை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மறந்துபோகும் தறுவாயில் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதே சொல்லை நிலைக்கச் செய்கிறது.

கேள்வி: ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் சரிபார்த்தே எழுதுகிறேன். ஆனாலும் என் கட்டுரை முழுவதும் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வருகிறது. 'இத்தாலியத்தில் இப்படிச் சொல்வதில்லை' என்பதே குறிப்பு. இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்கிறார்கள். பிறகு என்னதான் பிழை?
– ஒரு மாணவர், பாதோவா

பதில்: சொற்கள் சரியானவை; அவற்றுக்கு நீங்கள் கூட்டிய துணை தவறானது. தமிழில் நாம் தேர்வு எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தில் இத்தாலியத்திலும் 'எழுது' என்ற வினையைப் போட்டால், அது தேர்வுத்தாளை உட்கார்ந்து எழுதும் செயலாகத் தோன்றும். இத்தாலிய மாணவர் தேர்வைக் 'கொடுக்கிறார்': 'தாரே உன் எஸாமே'. சற்று முறைசார்ந்த நடையில் 'சொஸ்தெனேரே', அதாவது தேர்வைத் 'தாங்குகிறார்'. அங்கு பெரும்பாலான தேர்வுகள் ஆசிரியர் முன் அமர்ந்து வாய்மொழியாகவே நடைபெறுவதால் நம் வினை அந்த இடத்தில் இரட்டிப்பாகத் தவறுகிறது. தமிழில் கேள்வி கேட்கிறோம். அவர்கள் கேள்வி 'செய்கிறார்கள்', 'ஃபாரே ஊனா தொமாந்தா'. நாம் கவனம் செலுத்துகிறோம். அவர்கள் கவனத்தைக் 'கடனாகத் தருகிறார்கள்'. நாம் முடிவுக்கு வருகிறோம். அவர்கள் முடிவை 'இழுக்கிறார்கள்'.

சில இடங்களில் இரு மொழிகளும் எதிர்பாராமல் கைகோப்பதும் உண்டு. முடிவு 'எடுப்பது' இரண்டிலும் ஒன்றுதான். கருதுகோளை நாம் முன்வைப்பது போல அவர்களும் அதை முன்னே நகர்த்துகிறார்கள், 'அவன்ட்ஸாரே'. ஆனால் எது ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. எனவே இனிமேல் பெயர்ச்சொல்லைத் தனியே எழுதாமல் அதன் வினையோடு சேர்த்தே எழுதுங்கள். 'கருதுகோள்' என்று ஒரு வரி எழுதுவதற்குப் பதிலாக, கருதுகோளை வகுத்தல், முன்வைத்தல், உறுதிப்படுத்தல், மறுத்தல் என்று நான்கு வரி எழுதுங்கள்.

வினையையும் அதற்குரிய இடைச்சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும். தமிழில் 'அவரைச் சந்தித்தேன்', 'அவரிடம் கேட்டேன்', 'அவரோடு பேசினேன்' என்று வேற்றுமை உருபு வினைக்கேற்ப மாறுவது நமக்கு இயல்பாகவே தெரியும். அதே பணியை இத்தாலியத்தில் பெயருக்கு முன் வரும் சிறு சொற்கள் செய்கின்றன. நாம் ஒன்றைச் சார்ந்திருக்கிறோம் என்றால் அவர்கள் ஒன்றி'லிருந்து' தொங்குகிறார்கள், 'திபேந்தெரே தா'. ஒன்றன் 'மேல்' அடிப்படை கொள்கிறார்கள், 'பஸார்ஸி சு'. வேற்றுமை உருபு இல்லாமல் ஒரு தமிழ் வினையை அயலார்க்குச் சொல்லிக்கொடுப்போமா? மாட்டோம். அந்தக் கவனத்தை இங்கேயும் காட்டுங்கள்.

கேள்வி: விரைவாகப் படிப்பதற்காக இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறேன். உச்சரிப்பும் எளிதாக இருக்கிறது. இது தவறா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பயண வழிகாட்டிக்குப் போதுமானது, பல்கலைக்கழகத்துக்குக் கேடு. 'பாஸ்தா' என்று தமிழில் எழுதினால் அது உணவா அல்லது 'போதும்' என்ற சொல்லா என்று தெரியாது, ஏனெனில் இத்தாலியத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன; நம் 'ப' இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறது. க, ச, த ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். கேட்கும்போது வேறுபாடு தெரியாமல் போவதற்கும், எழுதும்போது பிழை வருவதற்கும் இந்தக் குறிப்புமுறையே விதை ஊன்றுகிறது.

அதே வேளையில், தமிழர்க்கு இங்கே ஒரு பெரிய அனுகூலம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியத்தில் மெய் இரட்டிப்பது பொருளையே மாற்றும். பல மொழிக்காரர்களின் காதுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை. 'பலி'யையும் 'பல்லி'யையும், 'கனி'யையும் 'கன்னி'யையும் குழந்தைப் பருவத்திலிருந்தே வேறுபடுத்திப் பழகிய நமக்கு அது உடனே பிடிபடும். 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. 'பாலா' என்றால் மண்வாரி, 'பால்லா' என்றால் பந்து.

நமக்குப் பழக்கமில்லாதது சொல்லழுத்தம். இத்தாலியத்தில் இறுதி அசையில் விழும் அழுத்தத்தை மட்டுமே எழுத்தில் கட்டாயமாகக் குறிக்கிறார்கள். மற்றவற்றைத் தெரிந்துதான் படிக்க வேண்டும். ஒரே எழுத்துகளால் ஆன சொல்லை முதல் அசையில் அழுத்திச் 'சூபிதோ' என்றால் 'உடனே', இரண்டாம் அசையில் அழுத்திச் 'சுபீதோ' என்றால் 'அனுபவித்த, தாங்கிய' என்று பொருள். 'ப்ரீன்சிபி' என்றால் இளவரசர்கள், 'ப்ரின்சீபி' என்றால் கோட்பாடுகள். அரசியல் தத்துவம் படிக்கிறவர் வாய்மொழித் தேர்வில் இவற்றை மாற்றிச் சொன்னால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். புதிய சொல்லை எழுதும்போதே, அழுத்தம் பெறும் உயிரெழுத்தின் கீழ் ஒரு கோடு இடுங்கள்.

கேள்வி: பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், நான் பலெர்மோவில் பிறந்து வளர்ந்தேன். இத்தாலியம் என் பள்ளிக்கூட மொழி, தெரு மொழி, தோழியரோடு பேசும் மொழி. இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். நன்றாகப் படித்துச் சென்றும் வாய்மொழித் தேர்வில் 'மொழி போதாது' என்று மதிப்பெண் குறைகிறது. பிறந்த மொழி போன்ற ஒன்றில் எனக்கு என்ன சொல்வளம் குறைகிறது?
– ஒரு மாணவி, பலெர்மோ

பதில்: உங்கள் கடிதத்தில் தெரியும் வருத்தம் எனக்குப் புரிகிறது. உங்களிடம் சொற்கள் குறையவில்லை. ஒரு நடை குறைகிறது. இது உங்கள் பூர்வீகத்தால் வந்ததும் அன்று. வீட்டில் நூல்நடை புழங்காத இத்தாலியப் பிள்ளைகள் அனைவரும் முதலாண்டில் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். வீட்டுத் தமிழும் மேடைத் தமிழும் வேறு என்பதை அறிந்த குடும்பத்தில் வளர்ந்த உங்களுக்கு, இந்த வேறுபாடு உண்மையில் மற்றவர்களைவிட விரைவில் பிடிபட வேண்டும்.

மூன்று இடங்களில் வேலை செய்யுங்கள். முதலாவது, எல்லாவற்றுக்கும் பயன்படும் சோர்ந்த சொற்கள். 'கோஸா' (விஷயம்), 'ஃபாரே' (செய்), 'திரே' (சொல்) ஆகிய மூன்றையும் தேர்வு விடையில் ஒரு வாரத்துக்கு விலக்கி வைத்துப் பாருங்கள். 'இந்த ஆசிரியர் ஒரு விஷயம் சொல்கிறார்' என்பது, சொன்னவர் வாதிடுகிறாரா, மறுக்கிறாரா, ஐயுறுகிறாரா என்பதைப் பொறுத்து ஐந்து வெவ்வேறு வாக்கியங்களாக விரியும். அந்த ஐந்தில் எது என்று சொல்வதே வரலாற்று மாணவியின் பணி.

இரண்டாவது, இணைப்புச் சொற்கள். 'பெரோ' (ஆனால்), 'குயிந்தி' (அதனால்) ஆகிய இரண்டை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டின் காரண காரியங்களை விளக்க முடியாது. 'துத்தவீயா' (இருப்பினும்), 'பெர்தாந்தோ' (ஆதலால்), 'பொய்கே' (ஏனெனில் என்பதை முன்னிறுத்தித் தொடங்குவது), 'பென்கே' (என்றபோதிலும்), 'குவாலோரா' (ஒருவேளை அவ்வாறு நேரின்) போன்றவற்றை அவற்றுக்குரிய வினை வடிவங்களோடு பழகுங்கள். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆன்ட்ஸி'. முன்பு சொன்னதை மறுத்து 'அன்று, மாறாக' என்றும், முன்பு சொன்னதை மிஞ்சி 'அது மட்டுமா, அதற்கும் மேலே' என்றும் இரு திசையிலும் திரும்பும் அந்தச் சிறு சொல்லைத் தடுமாறாமல் பயன்படுத்துகிறவரை, ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்றாவது, வினையைப் பெயராக்குதல். 'ரயில் பாதை போட்டார்கள், அதனால் ஊர் பெரிதாயிற்று' என்று பேச்சில் சொல்கிறோம். நூல்நடையில் அது 'ரயில் பாதையின் அமைப்பு நகரின் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று' என்று ஆகிறது. 'கொஸ்த்ருயீரே' என்ற வினை 'கொஸ்த்ருட்ஸியோனே' என்றும், 'க்ரேஷெரே' என்பது 'க்ரேஷிதா' என்றும் பெயராகின்றன. இரண்டுக்கும் இடையே காரணத்தைச் சொல்லும் வினை ஒன்று வந்து அமர்கிறது. 'தெதெர்மினாரே', 'ஃபவொரீரே', 'ப்ரொவொகாரே' (விளைவித்தல், ஊக்குவித்தல், தூண்டிவிடுதல்) ஆகியவற்றுள் எதைத் தேர்கிறீர்கள் என்பதிலேயே உங்கள் வரலாற்றுப் பார்வை வெளிப்படும். பாடநூலில் ஒரு பத்தியை எடுத்து அதைத் தோழிக்குச் சொல்வது போலப் பேச்சுமொழியில் எழுதுங்கள். மறுநாள் நூலைப் பார்க்காமல் அதை மீண்டும் நூல்நடைக்கு மாற்றுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாதம் இதைச் செய்தவர்கள் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவில் காரையோ நாயையோ வெளியே கொண்டுவருவதற்கு 'உஷீரே' (வெளியேறு) என்ற வினையையே செயப்படுபொருளோடு பயன்படுத்துவார்கள். அது உங்கள் ஊரின் வழக்கு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தேர்வறையில் அதைத் தவிர்த்துவிடுங்கள். முப்பதுக்கு மதிப்பெண் இடும் முறையில், தேர்ச்சிக்கான 18க்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பெரும்பாலும் நடைதான் கடக்க உதவுகிறது.

கேள்வி: ஆங்கிலம் தெரிந்தவருக்கு இத்தாலியச் சொற்களில் பாதி ஏற்கெனவே தெரியும் என்கிறார்களே, இது எவ்வளவு தூரம் உண்மை?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: படிக்கும்போது பெரிதும் உண்மை, எழுதும்போது அபாயம். லத்தீன் வழிவந்த சொற்கள் இரு மொழியிலும் ஏராளமாக இருப்பதால் நாளிதழின் தலையங்கம் கடைத்தெருப் பேச்சைவிட உங்களுக்கு எளிதாக இருக்கும். ஆனால் முகம் ஒத்திருந்தும் குணம் வேறுபட்ட சொற்கள் பல. 'லிப்ரெரீயா' என்பது புத்தகக் கடை, நூலகம் 'பிப்லியொதேகா'. 'லெத்தூரா' வாசிப்பு, விரிவுரைக்கு 'லெட்ஸியோனே'. 'அர்கொமேந்தோ' பெரும்பாலும் பேசுபொருளைக் குறிக்கும், சச்சரவை அன்று. 'ஃபிர்மா' கையொப்பம், நிறுவனம் அன்று. உதவித்தொகை விண்ணப்பத்தில் 'பரேந்தி' என்றால் உறவினர்கள், பெற்றோர் 'ஜெனிதோரி'.

இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியவை இரண்டு. 'எவெந்துவல்மேந்தே' என்பதற்குத் 'தேவைப்பட்டால், ஒருவேளை' என்று பொருள். 'இறுதியில் கட்டாயம்' என்று எண்ணி ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அதைப் போட்டால், ஆய்வேட்டை நிச்சயம் தருவேன் என்பது வசதிப்பட்டால் தருவேன் என்று ஆகிவிடும். 'ப்ரெதேந்தெரே' என்பது பாசாங்கு செய்வதன்று, உரிமையோடு வற்புறுத்திக் கேட்பது. இத்தகைய சொற்களைப் பட்டியலாகப் படித்தால் எது சரி, எது தவறு என்று மேலும் குழம்பும். சரியான வாக்கியம் ஒன்றில் வைத்து ஒவ்வொன்றாகப் பழகுங்கள்.

இன்னொரு பழைய உறவையும் சொல்ல ஆசை. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து நம்முடையனவாகவே ஆகிவிட்ட சொற்களும் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள்தான். நம் மேசைக்கு உறவான 'மேன்ஸா' இத்தாலியத்தில் மாணவர் உணவகத்தைக் குறிக்கிறது. சாவிக்கு உறவு 'கியாவே'. அலமாரிக்கு உறவு 'அர்மாதியோ'. மாணவர் விடுதிக்குப் போய்ச் சேரும் முதல் நாளிலேயே இந்த மூன்றும் உங்களுக்குத் தேவைப்படும்.

கேள்வி: எந்த அகராதியைப் பயன்படுத்துவது?
– ஒரு மாணவி, பெங்களூரு

பதில்: பி1 வரை இருமொழி அகராதி; அதன்பின் இத்தாலியத்திற்கு இத்தாலியத்திலேயே பொருள் கூறும் அகராதி. த்ரெக்கானி நிறுவனத்தின் சொல்லகராதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தொடக்கத்தில் ஒரு சொல்லுக்காகத் திறந்தால் விளக்கத்தில் மூன்று தெரியாத சொற்கள் வரும், சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்றும் பெரும்பாலும் வரையறை கூறும் சொற்கள், அதாவது தேர்வில் உங்களுக்கே தேவைப்படுபவை. பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். மூன்றாம் கேள்விக்குரிய துணைச்சொற்கள் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: செய்தித்தாள் படித்தால் போதுமா, வானொலியும் கேட்க வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே பொருளைப் பற்றி. காலையில் படித்த செய்தியை மாலையில் காதால் கேளுங்கள். ஒரே சொற்கள் ஒரு வாரம் திரும்பத் திரும்ப வரும்படி ஒரு விவகாரத்தை மட்டும் பின்தொடருங்கள். நாளுக்கொரு தலைப்பு என்று தாவினால் எந்தச் சொல்லும் இரண்டாம் முறை கண்ணில் படாது.

கேள்வி: இத்தாலிய இலக்கியத்தில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறேன். இன்றைய இத்தாலியச் சொற்களை நன்கு கற்றால் தாந்தேயைப் படித்துவிட முடியுமா, அல்லது பழைய சொற்களைத் தனியே கற்க வேண்டுமா?
– ஓர் ஆசிரியை, புதுச்சேரி

பதில்: இத்தாலியின் பெருங்கவிஞர் தாந்தே 1321இல் மறைந்தார். எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் அவருடைய சொற்களில் பெரும்பகுதி இன்றும் வழக்கில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே இன்றைய இத்தாலியத்தின் அடித்தளச் சொற்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அமைந்துவிட்டதாகத் தெ மௌரோ கணக்கிட்டிருக்கிறார். ஆகவே பழஞ்சொற்களைத் தேடிப் போக வேண்டிய சுமை குறைவு. உண்மையான சிக்கல், தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருவதுதான்.

தாம் நேசித்த பெயாத்ரிச்சே என்ற பெண்ணைப் பற்றித் தாந்தே எழுதிய புகழ்பெற்ற சொனெட் (பதினான்கு வரிப் பாடல்) ஒன்றின் முதல் வரியில் 'ஜென்தீலே', 'ஒனெஸ்தா', 'பாரே' என்ற மூன்று சொற்கள் வருகின்றன. இன்று பேசும் இத்தாலியத்தில் இவற்றுக்கு முறையே அன்பான, நேர்மையான, போலத் தோன்றுகிறாள் என்று பொருள். முதலாண்டு மாணவர் இப்படியே பொருள் கொண்டு, வரி முழுவதும் புரிந்துவிட்டதாக எண்ணிக் கடந்துவிடுவார். ஆனால் தாந்தேயின் காலத்தில் முதற்சொல் உள்ளத்தின் உயர்குடிமையையும், இரண்டாவது ஒழுகலாற்றில் வெளிப்படும் மாண்பையும், மூன்றாவது ஐயத்தை அன்றிக் கண்கூடாக வெளிப்படுதலையும் குறித்தன. மூன்று சொல்லும் தெரிந்திருந்தும் வரி தெரியாமல் போகிறது.

தமிழாசிரியரான உங்களுக்கு இது புதிதாக இருக்காது. தொல்காப்பியத்தில் 'கிழத்தி' என்ற சொல்லைக் கண்ட மாணவர் முதியவள் என்று பொருள் கொண்டால் நீங்கள் நிறுத்தித் திருத்துவீர்கள். உரிமையுடையவள், தலைவி என்று விளக்குவீர்கள். தாந்தேயின் அந்தப் பாடலில் அடுத்த வரியில் வரும் 'தோன்னா' என்ற சொல்லின் கதையும் இதற்கு மிக அருகில் நிற்கிறது. வீட்டுத் தலைவியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, தாந்தேயிடம் இன்னும் தலைவி என்ற பெருமையோடு நின்று, இன்று பெண் என்ற பொதுப்பொருளில் வழங்குகிறது அந்தச் சொல். நீங்கள் உங்கள் மாணவர்களைத் தடுத்து நிறுத்தும் இடங்களில் உங்களையும் நிறுத்திக்கொள்ளுங்கள்: புரிந்துவிட்டது என்று தோன்றும் சொல்லையே முதலில் அகராதியில் பாருங்கள்.

அடிக்குறிப்புகள் நிறைந்த பள்ளிப் பதிப்பு ஒன்றை வாங்கி, நாளுக்கு ஒரு பாடலின் பாதி என்ற அளவில் தொடங்குங்கள். அந்தப் பதிப்புகளின் குறிப்புகள் இன்றைய இத்தாலிய மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. பழைய சொல்லுக்குப் பக்கத்தில் புதிய சொல்லை வைத்து விளக்குபவை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் உங்கள் ஆசிரியைக்கு எழுதப்போகும் முதல் கடிதத்தை 'ஜென்தீலே ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா' என்றுதான் தொடங்குவீர்கள். 'மதிப்புக்குரிய' என்று அங்கே பொருள்படும் அந்த முதற்சொல்லில் தாந்தேயின் பொருள் இன்னும் சற்று மிச்சமிருக்கிறது.